வெயிலுக்கு முன்னால் ஒரு துணி

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் காடு. மத்தியானம் 12 மணி வெயில். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் பருத்திச் செடிகளுக்கு நடுவே நின்று, மகன் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். காட்சி அவ்வளவுதான். அவர் நடிகை அல்ல, அந்த ஊர்க்காரர். மூன்று டேக் போயிற்று. புருவத்தின் நிழல் விழுந்து, கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். அதற்குள்ளும் இமைகள் இறுகிக்கொண்டிருந்தன. லைட்மேன்கள் நான்கு பேர் ஒளியைத் தணிக்கும் 12க்கு 12 அடி ஸ்கிம்மர் துணியைத் தூக்கிவந்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்கள். ஆச்சி நிமிர்ந்து, கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "இப்பத்தாம்யா ஒம் மொகமே தெரியுது" என்றார்.

ஒளியைக் குறைத்தவன் நான். பார்வை கிடைத்தது அவருக்கு. அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை; சிறுவயதுக் கேள்வி ஒன்றையும் கிளப்பிவிட்டது.

திருநெல்வேலியில் என் தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனின் ஐந்தொழிலுக்கும் விரல் மடக்குவார். எனக்கு நான்காவது விரல் இடறியது. சாமி எதற்காக மறைக்க வேண்டும்? தாத்தா நடராசர் படத்தைக் காட்டினார். தூக்கிய திருவடி அருளல், ஊன்றிய திருவடி மறைத்தல். "ரெண்டும் அவன் பாதந்தாம்ல" என்றார். பன்னிரண்டு வயதில் அது எனக்கு எட்டவில்லை.

மறைப்பதன் பயன் என் ஒளிப்பதிவுத் தொழிலில் பிடிபடும். சூரியன் எவ்வளவு பெரிதென்றாலும் நம் வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். சின்ன இடத்திலிருந்து வரும் ஒளி, நிழலைக் கத்தியால் நறுக்கியதுபோல் விழவைக்கும். துணியைப் பிடித்ததும் துணியே விளக்காகிவிடுகிறது. ஒளி பல திசைகளிலிருந்து இறங்கி, புருவத்துக்கு அடியிலும் கன்னச் சுருக்கத்துக்குள்ளும் புகுகிறது. விளக்கின் முன்னால் ஒளியைப் பரப்பும் அடர்த்தியான 216 ஷீட்டைக் கட்டினால் ஒன்றரை ஸ்டாப் ஒளி போய்விடும். வந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மிஞ்சும்.

1956இல் வந்த 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செய்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. காசி வீட்டு முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டியிருந்தார். நிஜ முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சம் ஸ்டுடியோ விளக்குகளில் வராது. மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். கதையில் குடும்பத் தலைவர் ஹரிஹர் சாவது காசியின் அந்த வீட்டில்தான். அவர் மனைவி சர்பஜயாவின் முகத்தைப் பார்த்து, விளக்கு எங்கே இருக்கிறது என்று பலமுறை தேடியிருக்கிறேன். அகப்படவில்லை. முகம்தான் தெரிகிறது.

அதற்காக எல்லா மறைப்பையும் அருள் என்று சொல்லமாட்டேன். லென்ஸுக்கு முன்னால் ப்ரோ-மிஸ்ட் போன்ற கண்ணாடியைச் சொருகுகிறோம்; முன்பெல்லாம் நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டுவார்கள். வெளிச்சம் கசிந்து பரவும், தோலின் வரிகள் கரையும். அங்கே திரை விழுவது முகத்துக்கும் பார்க்கிறவர் கண்ணுக்கும் நடுவில். ஒருமுறை, கேட்டார்கள் என்பதற்காக, வயதான நடிகை ஒருவருக்குக் கனமான ஃபில்டர் போட்டேன். திரையில் பார்த்தபோது அவர் வாழ்ந்த அறுபது ஆண்டுகள் அந்த முகத்தில் இல்லை. அது நான் செய்த தப்பு. இன்றும் உறுத்துகிறது.

தாத்தாவின் பாடம் இந்த இடத்தில்தான் எனக்குத் திறந்தது. செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டியிருப்பது ஆணவம்; அது கண்ணிலேயே இருக்கும் இருள். அந்தக் கண்ணுக்குப் பக்குவம் வரும்வரை இறைவனின் சக்தி தன்னை மறைத்துக்கொண்டு நிற்பது திரோதானம். மறைக்கிற காரணத்தால் அதையும் ஆணவம் முதலான மலங்களோடு, அதாவது உயிரின் அழுக்குகளோடு, சேர்த்து எண்ணினார்கள். பக்குவம் வந்தபின் அருளாக நிற்பதும் அதே சக்திதான் என்றார்கள். ஆகவே, மறைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. அது விளக்கின் பக்கம் இருக்கிறதா, கண்ணின் பக்கம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

உதவி ஒளிப்பதிவாளர்களாக வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லென்ஸுக்குக் கண்ணாடி தேடுவதற்கு முன், நடிப்பவர் நிற்கப்போகும் இடத்தில், அதே வெளிச்சத்துக்கு நேராக, ஒரு நிமிடம் நீங்கள் நின்று பாருங்கள். கண் கூசினால் முதலில் ஒரு துணியைக் கட்டுங்கள்.