குலுக்கிய கை

சி ரூசா போன்ற தோட்டங்களின் முதியோர்க்கு, கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தோடு கைகுலுக்கிய நினைவு ஒரு சொத்து. ‘ஸ்பைடர்மேன்’ எனப் புகழப்பட்ட அவர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் நாட்டின் புறக்கணிப்பால் செல்லவியலாத மலேசியக் குழுவினர். 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார்.

அந்தச் சந்திப்பு சொல்லச் சொல்ல வளர்கிறது. அது பொய்யாகுமா? வளர்ந்த பகுதி பொய்தான், மறுப்பதற்கில்லை. ஆறுமுகமோ அக்கையை மறுநாளே மறந்திருப்பார். ஆனால் விடியற்காலைப் பெரட்டில் ஆளாக மட்டும் எண்ணப்பட்டவரிடம், நாடறிந்த ஒருவர், “எந்தத் தோட்டம், அண்ணே?” என்று கேட்பது சிறு செய்தியா? (கிராணிகூட அப்படிக் கேட்டதில்லை.) பந்தைப் பிடித்த கதையில்தான் மிகை ஏறுகிறது, நலம் விசாரித்த சொற்கள் ஒவ்வொரு முறையும் மாறாமலே வருகின்றன.