ஆணையும் கைங்கரியமும்

ஒருவனுக்கே முற்றிலும் உரியவனாகிவிட்ட தொண்டன், எஜமானனுடைய நன்மையை நாடியே எஜமானனுடைய சொல்லைக் கடக்கலாமா என்னும் கேள்வியை வைணவ ஆசாரியர்கள் இராம கதையின் இரு தம்பியரை முன்னிறுத்தி நுட்பமாக விசாரித்திருக்கிறார்கள். அயோத்தியிலேயே இருந்து தாய்மாரைப் பார்த்துக்கொள் என்று இராமன் சொல்லியும் கேளாமல், உடன் சென்று பணி செய்தாலன்றித் தரியேன் என்று காட்டுக்குப் புறப்பட்ட இலக்குவனைத் தொண்டுக்கே உரியவனாயிருத்தலாகிய சேஷத்வத்துக்கும், சித்திரகூடத்தில் மன்றாடியும் அண்ணன் இசையாமற்போகவே, தன் விருப்பத்தை அவன் திருவுள்ளத்துக்குக் கீழ்ப்படுத்திப் பாதுகைகளோடு திரும்பி நந்திக்கிராமத்தில் தங்கிய பரதனை எஜமானனுடைய இச்சைக்கு முற்றும் வசப்பட்டிருத்தலாகிய பாரதந்திரியத்துக்கும் உதாரணமாகக் காட்டுவார்கள். பன்னாட்டு வர்த்தகத்தை ஆராயும் ஜூலியன் பர்கின்ஷா என்னும் அறிஞருடைய எழுத்துக்களைப் படிக்கும்போது இந்தப் பழைய விசாரம் எனக்கு இடைவிடாது நினைவுக்கு வந்தது.

அவர் முதலில் ஆராய்ந்த களம் கனடா. சுங்கவரிச் சுவருக்கு அப்பாலிருந்து சரக்கை அனுப்பி விற்பது கட்டாததால் அமெரிக்க ஸ்தாபனங்கள் அந்நாட்டிலேயே அமைத்த கிளைத் தொழிற்சாலைகள், தாய் ஆலையின் சிறு பிரதிகளாய், கனடாவின் சந்தைக்கென்றே பண்டங்களைச் செய்துவந்தன. 1989 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து அந்தச் சுவர் சரியத் தொடங்கியதும், அவை இருப்பதற்குரிய காரணமே சரியத் தொடங்கியது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் ஆலையை மூடும் உத்தரவே வரக்கூடும். உத்தரவின்றி ஒரு புதுப் பொறுப்பைத் தேடிப் புறப்பட்டாலோ அடங்காதவர் என்னும் பெயர் வரக்கூடும். அந்த நெருக்கடியில் கிளைகளின் நிர்வாகிகள் தாமாக முன்வந்து செய்த காரியங்களைத்தான் பர்கின்ஷா துருவிப் பார்த்தார்.

1997-இல் வெளியான அவருடைய கட்டுரை, ஆறு கிளைகளில் தோன்றிய 39 முயற்சிகளை, வாய்ப்பு எந்தச் சந்தையில் தென்பட்டது என்பதைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கிறது. வகைகளைவிட அவற்றினின்று அவர் கண்ட வேறுபாடே என் சிந்தையை ஈர்க்கிறது. உள்ளூர் வாடிக்கையாளரிடம் கண்ட வாய்ப்புக்குச் சுதந்திரம் வேண்டியிருந்தது. கிளை தன் கையிலுள்ளதைக் கொண்டு தொடங்கிச் செய்து காட்ட வேண்டியிருந்தது. ஸ்தாபனத்துக்குள்ளேயே ஓர் உற்பத்திப் பொறுப்பைப் பெறுவதற்கோ தலைமையோடு நெருங்கிய பேச்சும், நெடுநாள் சம்பாதித்த நம்பிக்கையும், வேண்டுகோளும் தேவைப்பட்டன. முன்னது இலக்குவன் வழி, பின்னது சித்திரகூடத்துக்கு நடந்த பரதன் வழி. ஒரே கிளைக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன என்பதால், சேவகனுடைய தர்மத்தை ஒரே விதியில் அடக்கிவிட நினைக்கும் நிர்வாக சாஸ்திரம் பாதி உண்மையையே சொல்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு பெரும் பேதத்தை மறைக்கலாகாது. ஆசாரியர்களுடைய விசாரத்தில் சேஷியாகிய எஜமானன் சர்வஞ்ஞன். தொண்டனுடைய உள்ளம் அவனுக்கு வெளிச்சம். வர்த்தக ஸ்தாபனத்தின் தலைமையோ, தொலைவிலுள்ள கிளை காண்பதைக் காணாதது. ஆகவே ஆணையை மீறியவனைப் பயனைப் பார்த்தே மதிப்பிடுகிறது. ஹ்யூலட் பாக்கர்ட் நிறுவனத்தில், கைவிடும்படி டேவிட் பாக்கர்டே சொல்லிவிட்ட ஒரு திரைக்கருவித் திட்டத்தைச் சக் ஹவுஸ் என்னும் பொறியியலாளர் விடாது நடத்தி வெற்றி கண்டார். பல ஆண்டுகளுக்குப் பின், 1982-இல், அந்த மீறலுக்காகவே அவருக்குப் பதக்கம் அளிக்கப்பட்டது. அதைப் பாராட்டாதிருக்க என்னால் இயலாது. ஆயினும் கருவி விற்காமற்போயிருந்தால், அதே துணிவும் அதே பக்தியும் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கும். பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய் என்று கீதை சொல்லும் இடத்தில், பலன் வந்த பிறகே கர்மத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் வழக்கம், செய்தவனுக்கு நியாயம் செய்வதாகாது.

யோனாஸ் ரிட்டர்ஸ்ட்ரோலேவோடு சேர்ந்து 1999-இல் பர்கின்ஷா வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உடல் அந்நியப் பொருளைத் தள்ளுவதுபோல் ஸ்தாபனமும் கிளையின் புது யோசனையைத் தள்ளுகிறது என்று கூறுகிறது. நேரான மறுப்பு அதன் ஒரு வடிவமே. தாமதப்படுத்துவதும், இன்னும் விளக்கம் வேண்டும் என்று கேட்பதும், போட்டிப் பிரிவுகள் அதற்கு எதிராகத் தலைமையைத் தூண்டுவதும் மற்ற வடிவங்கள். இவற்றுள் தாமதத்தையே நான் மிகக் கொடியதாக எண்ணுகிறேன். பரதனுக்கு மறுப்பு கிடைத்தது. ஆனால் அது இராமனுடைய வாயாலேயே, தந்தையின் வாக்கு என்னும் காரணத்தோடு, அவையறியக் கிடைத்தது. அதனால்தான் அவன் தோல்வியுற்றவனாக அன்றி, ஆட்சிப் பொறுப்பை ஏற்றவனாகத் திரும்ப முடிந்தது. கனடாவின் ஒரு கிளை நிர்வாகி, தம் தொழிலாளரின் பிழைப்பை எண்ணி அனுப்பிய யோசனைக்கு இன்னும் விளக்கம் வேண்டும் என்ற பதிலே மாதக்கணக்கில் வருமாயின், மறுத்தவர் இன்னார் என்பதையும் மறுத்த காரணம் இன்னது என்பதையும் அவர் அவர்களிடம் எப்படிச் சொல்வார்?