ஊற்றி நிரப்புவது பாவமா?

காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகத் தொடங்கினால் பல சமயம் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. பின்பக்கத்து ரப்பர் கப் தேய்ந்ததும், பிரேக் ஆயில் சத்தமில்லாமல் பூஸ்டருக்குள் இறங்கிவிடும். மெக்கானிக் நட்டுகளைக் கழற்றிச் சிலிண்டரை முன்னால் இழுத்துப் பார்த்தால்தான் பூஸ்டரின் முகத்தில் ஈரமும், அந்த ஈரம் பட்டு உப்பி உரிந்த பெயிண்டும் தெரியும். ஓட்டுபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் வேறு. டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வரும். சிவப்பு விளக்கில் மிதித்தபடி நிற்கையில் பெடல் மெல்ல மெல்லக் கீழே அமிழும். சில வெள்ளி கொடுத்து ஒரு புட்டி ஆயில் வாங்கி ஊற்றினால் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும், வண்டியும் நிற்கும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அப்படி ஓட்டி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர் செய்தது தவறா, இல்லையா?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் தத்துவ உலகில் எழுப்பிய விவாதம் இதுதான். நேகல் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட ஓட்டுநர். அதைச் சிங்கப்பூரின் தேக்காவுக்குக் கொண்டுவருவோம். ஒரே மாதிரிக் கார், ஒரே ஒழுகல், ஓட்டுநர்கள் இருவர். இருவருமே ஊற்றி நிரப்பி ஓட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, நடைபாதை கொள்ளாமல் கூட்டம் வழியும் சிராங்கூன் சாலை. ஒருவர் வண்டிக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடுகிறது. மற்றவர் வண்டிக்குக் குறுக்கே யாரும் வரவில்லை. முதலாமவர் நீதிமன்றத்துக்குப் போகிறார். இரண்டாமவர் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இருவரும் செய்த வினை ஒன்றுதான் என்பது என் கட்சி. குழந்தை ஓடியதும் ஓடாததும் அவர்கள் செயல் அல்ல. அவர்கள் செயல், பெடல் அமிழ்வதை உணர்ந்த பிறகும் புட்டியைத் திறந்ததே. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆகாமியம் இப்போது புதிதாக ஈட்டிக்கொள்வது. அது விபத்து நடந்த இடத்தில் ஈட்டப்படவில்லை. கார் நிறுத்துமிடத்தில், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோதே ஈட்டப்பட்டுவிட்டது.

இதற்கு முதல் மறுப்பு நம் வீடுகளிலேயே கேட்பது: குழந்தையின் விதி முடிந்தது, கார் வெறும் கருவி. சரி, குழந்தை அனுபவித்தது அதன் பிராரத்தம், அதாவது பழைய வினையின் பலன், என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கருவியாக வந்து நின்றவரின் ஆகாமியம் எப்படிக் கழியும்? ஒருவரது பழைய கணக்கைக் காட்டி இன்னொருவரது புதிய கணக்கை அழிக்கச் சித்தாந்தம் எங்கும் இடம் தருவதில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது, பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே இருப்பது. திருவாரூரில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று பாய்ந்து மடிந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்றும், பரிகாரம் செய்தால் போதும் என்றும் அமைச்சர்கள் சொன்னதை மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை; மகன்மேல் தேரை ஓட்டினான். அப்படியானால் எண்ணம் அல்ல, விளைவுதானே கணக்கு? எனக்கு அப்படிப் படவில்லை. அந்தத் தேரில் பழுது இருந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. கன்றை இழந்த பசு படும் துயரத்தைத் தானும் படவேண்டும் என்பதே அரசனின் நியாயம். அது இழப்புக்குப் பதில் சொல்லும் கடமை. குற்றத்தின் அளவுகோல் அல்ல. மரணம் விளைந்தால் சட்டம் கூடுதலாகத் தண்டிப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தெரியாமல் ஓட்டியவரை என்ன செய்வது? எல்லாரும் மெக்கானிக் இல்லையே. வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது என்ற சந்தேகம் எழும்போதெல்லாம், இத்தனை பயணம் போய்வந்ததுதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, உண்மையாகவே நம்பி அனுப்புகிறார். அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபர்டின் வாதம். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார். சிங்கப்பூர்க் காரோட்டிக்கு அந்தச் சமாதானம் சோதனைச் சான்றிதழாக வாய்க்கிறது. மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரையான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை. அன்று உருளைமேல் ஏற்றிப் பார்த்தபோது பிரேக் பிடித்தது உண்மைதான். இடைப்பட்ட நாட்களில் அரசாங்கம் நம் பெடலில் கால் வைத்துப் பார்ப்பதில்லை. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. உலர்ந்த நிலையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கவேண்டிய டாட் 4 ஆயில், ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று தரவிதியே ஒப்புக்கொள்கிறது. காரணம் தெரியாதவரை மன்னிக்கலாம். கால் சொன்னதைக் கேட்க மறுத்தவர் தெரியாதவர் கணக்கில் வரமாட்டார்.

என் வாதம் உண்மையில் தடுமாறும் இடம் லாரி. பின்தட்டில் வெளிநாட்டு ஊழியர்கள், அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பெடல் இறங்குவதை ஓட்டுநர் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். ஊற்றி ஓட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வருகிறது. மறுத்தால் வேலை போகலாம், வேலை அனுமதியும் அதோடு போகலாம். இங்கே புட்டியைத் திறக்கும் கை ஒன்று, திறக்கவைக்கும் வாய் இன்னொன்று. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஏறும் என்பதுதான் நம் மரபு. அதன்படி வாக்கால் செய்தவர் குளிர்சாதன அறையில் இருந்தாலும் பங்காளி, என் கணக்கில் பெரிய பங்காளி. ஓட்டுநரின் பங்கு பூஜ்யம் என்று சொல்ல மனம் துணியவில்லை. அவருக்குத் தப்ப இருந்த வழி எவ்வளவு குறுகலோ, பங்கும் அவ்வளவு சிறிது என்பதற்கு மேல் போக முடியவில்லை.

அப்படியானால் கோயில் வாசலில் நடக்கும் வாகன பூஜை எதற்கு? காப்பீட்டுச் சந்தா மாதிரி அதைச் செலுத்துபவர்கள் உண்டு. பகுத்தறிவாளர் சிரிப்பது அவர்களைப் பார்த்துத்தான், அந்தச் சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டுச் செய்துவைப்பது சங்கல்பம். வேண்டுதலுக்கு முன்பே, இதைச் செய்கிறேன் என்று செய்பவர் ஏற்றுக்கொள்கிற சொல் அதில் இருக்கிறது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் முன் அந்தச் சொல் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பெடல் அமிழும் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துபவர் அம்மனிடம் பொய்ச் சத்தியம் செய்கிறார் என்றே சொல்வேன். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குப் போய்ச் சிலிண்டரையே மாற்றிக்கொள்வதுதான் அவர் செய்யவேண்டியது. அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்து, ரப்பர் கிட் மட்டும் போட்டுச் சமாளிப்பது நீடிக்காது. மாற்றிய பிறகு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து நிப்பிளைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்கவேண்டும். அதற்கு முன்பு ஊற்றி ஓட்டிய மாதங்களின் வினை இதனால் கழியாது. அந்த மாதங்களில் அவருக்குக் குறுக்கே நடந்தவர்களுக்கு அவர் பட்ட கடன் தெரியவே தெரியாது, திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள்.