மேட்டில் கிடைத்த மணி

அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேருமுன், உப்பங்கழி ஓரத்தில் அரிக்கமேடு கிடக்கிறது. குடியிருப்பு இல்லை, தோப்பும் மண்ணுமே. 1945-இல் வீலரும், அவருக்குப் பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே தோண்டினார்கள். ரோமாபுரியின் மதுச்சாடிகளும் இத்தாலியத் தட்டுகளின் உடைசல்களும் கிடைத்தன. மணி செய்தோர் விட்டுச்சென்ற கழிவுகளும் கிடைத்தன. மழையில் மண் கரைந்தால் மணிகள் தலைகாட்டும். 1930-களில் ழூவோ துப்ராய்க்கு அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளே.

வில்லியனூரிலோ பாகூரிலோ உள்ள நம் பிள்ளை அத்தகைய மணியொன்றைக் கொண்டுவந்து, "அத்தா, இதை நான் வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "கீழே கிடந்ததுதானே!" என்போம். மார்க்கம் அவ்வளவு எளிதாக விடவில்லை. தவறவிட்ட பொருளானால் ஓராண்டு அறிவிக்கச் சொல்கிறது. முன்னோர் புதைத்த 'ரிகாஸ்' ஆனால் ஐந்திலொன்று கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இது பொன், வெள்ளிக்கு மட்டுமே. நிலம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. அரிக்கமேடு மத்திய தொல்பொருள் துறையின் காப்பில் இருக்கிறது. ஆளில்லாத மேடு உரிமையில்லாத மேடாகிவிடாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

இதைவிடக் கடினமானது சுத்துக்கேணி. அங்கே கசால் கண்டவை தாழிகளும் கால் வைத்த மண் பேழைகளும், இறந்தவர்களுக்கென்று வைத்தவை. புதைத்தவன் திரும்பி வந்து எடுக்க நினைத்ததே புதையல். மையித்தோடு வைத்ததை எவரும் திரும்ப எடுக்க எண்ணவில்லை, தொலைத்ததும் இல்லை. அதைப் புதையலென்று சொல்ல நம் நா எழவில்லை.

அபூரிகாலின் கபுறைத் தோண்டித் தங்கக் கிளையை எடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறதே என்பர். அதன் அறிவிப்பாளர் வரிசையில் கருத்து வேற்றுமை உண்டு. அன்றியும் அது வேதனை இறங்கிய ஒருவனைப் பற்றியது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவரும் ஓர் ஆத்மாவன்றோ என்று காரணமும் சொன்னார்கள். தாழியில் கிடப்பவர் என்ன மொழி பேசினார், யாரை வணங்கினார் என்றுகூட நமக்குத் தெரியாது. தெரியாதவரைச் சபிக்கப்பட்டவரென்று கொள்ள நமக்கு என்ன அதிகாரம்?

அப்படியானால் ஆய்வாளர் தோண்டலாமா? எலும்பை மதித்து, எடுத்ததை எழுதிவைத்து, வைத்த இடத்தைக் குறிப்பவருடைய வேலை வேறு; மணியை விற்கப் பொறுக்குபவன் வேலை வேறு. எந்த அடுக்கில் கிடந்தது என்பதே மணியின் சாட்சி. இடம் பெயர்ந்தால் சாட்சி போயிற்று. சாட்சியை மறைப்பது நமக்கு எவ்வளவு பெரிய பாவமென்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளையை அதட்ட வேண்டாம். எந்த இடத்தில் கிடந்ததென்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லி, மணியையும் தாளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க அவனையே அழைத்துப் போகலாம்.