மூன்றாம் படிவத்தின் விலை

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, நெய்வேலியில் நன்றாக ஆடும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் வரத் தொடங்கும். சென்னையிலோ கோவையிலோ உள்ள ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பேசுவார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம், டி.சி.யை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்பார். மறுநாள் வேறொரு கல்லூரியிலிருந்து இன்னொருவர் அழைத்து, கேட்ட பாடப்பிரிவையே தருவதாகச் சொல்வார். இந்தப் பேச்சில் சம்பளம் என்ற சொல் வராது. ஆனால் நடப்பது சம்பளப் பேச்சுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே பேச்சு இப்போது டாலரில் நடக்கிறது. அங்கே ஆடப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். நம் கால்பந்து அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். தொலைக்காட்சி உரிமையிலிருந்து கோடிகோடியாகப் பணம் கொட்டுகிறது. பயிற்சியாளர் கோடீஸ்வரர் ஆனார். ஆடிய மாணவருக்கோ படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் மட்டுமே. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் தண்டனை. மாணவர் 'தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் இந்த ஏற்பாட்டைப் பல பத்தாண்டுகள் காத்துவந்தது.

அதை உடைத்தவை நீதிமன்றங்கள். 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி தொடர்பான சலுகைகளுக்குச் சங்கம் உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். பத்து நாள் கழித்து, ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்று விதி மாறியது. உடனே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் வசதி படைத்த ரசிகர்கள் நிதிக்குழு அமைத்தார்கள். விளம்பரம் என்பது பெயரளவுக்கு. அந்தப் பணம் பெரும்பாலும் ஆட்டக்காரரை இழுக்கவே போனது.

இதோடு இடமாற்றமும் சேர்ந்துகொண்டது. முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் இடமாற்றம் கேட்போருக்கான இணையப் பதிவேடு வந்தது. 2021இல் ஒரு முறை தடையின்றி மாறலாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தேறிக்கொண்டிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. கடைசியாக 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் சங்கத்தின் மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவை. இனிமேல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

விளைவுகள் ஒரே திசையில் இல்லை. உழைத்தவருக்குக் கூலி வந்தது. அது நியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிறிய பல்கலைக்கழகம் பத்தொன்பது வயதில் எடுத்து வளர்த்தவரை, அவர் நன்றாக ஆடத் தொடங்கிய மறு பருவமே பெரிய பல்கலைக்கழகம் கொண்டுபோய்விடுகிறது. பயிற்சியாளர் ஆண்டுதோறும் தன் அணியையே திரும்பக் கெஞ்சிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நாற்று விட்டவருக்கு நெல்லில் பங்கு இல்லை.

நம் கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணம் இல்லை. பல்கலைக்கழகக் கால்பந்தைப் பார்க்க டிக்கெட் வாங்குவோரும் இல்லை. அப்படியிருக்க, ஒரு கல்லூரி ஏன் ஃபீஸைத் தள்ளுபடி செய்து ஆட்டக்காரரைக் கூப்பிடுகிறது? கோப்பையும் அதனால் வரும் பெயரும் கல்லூரிக்கு விளம்பரம் என்பது பாதி விடை. ஆட்டக்காரர் ஏன் போகிறார் என்பதுதான் முக்கியமான மீதி. அவர் போவது மூன்றாம் படிவத்துக்காக.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு, ஆடிய நிலைக்கு ஏற்பச் சான்றுப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்கு நான்காவது. மாநில அணியில் இடம் பிடிப்பது கடினம்; இந்திய அணி பலருக்குக் கனவு. சாதாரணத் திறமையும் கடும் உழைப்பும் உள்ள ஒரு பிள்ளைக்கு எட்டக்கூடியது மூன்றாம் படிவம். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் நேரடி நியமனத்தில் ஐந்து விழுக்காடு வரை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கலாம். ரயில்வே, வருமான வரி, அஞ்சல், வங்கி, பொதுத்துறை என்று எந்த 'டிபார்ட்மென்ட் டீம்' எடுத்தாலும் வாசலில் கேட்பது இது போன்ற சான்றைத்தான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலும் மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆக, அமெரிக்க மாணவருக்கு டாலர் எதுவோ, நம் மாணவருக்கு அது இந்தக் காகிதம்.

இப்போது அந்த ஃபோன் அழைப்பின் கணக்கு புரியும். நெய்வேலியிலேயே ஜவஹர் அறிவியல் கல்லூரி இருக்கிறது. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இணைப்புக் கல்லூரி மாணவர் முதலில் தன் கல்லூரி அணியில் ஆட வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் கண்ணில் பட்டால் செலக்‌ஷன். அத்தனை கல்லூரிகளிலிருந்தும் வந்தவர்களோடு மோதி இடம் பிடித்தால்தான் பல்கலைக்கழக அணி, தென்மண்டலப் போட்டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சுற்றுவழி இல்லை. அதன் வளாகமே பல்கலைக்கழகம். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்கள் வாலிபாலில் வலுவாக எழுந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: ஆட்களை நேரடியாகத் தேடி எடுத்து, ஒரே விடுதியில் வைத்து, ஆண்டு முழுவதும் சேர்த்து ஆடவைக்கலாம். படிவம் அங்கே ஏறக்குறைய உறுதி என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தோன்றிவிட்டால், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி எதைச் சொல்லி நிறுத்தும்?

ஒரு தடுப்பு மட்டும் நம்மிடம் உறுதியாக இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வயது வரம்பு வைத்திருக்கிறது. 25 வயதைத் தாண்டியவரும் முழுநேர வேலையில் இருப்பவரும் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. ஆகவே அமெரிக்காவைப் போல ஒருவரே மாணவராகவும் சம்பளக்காரராகவும் நீடிக்க இங்கே வழி குறைவு. வேலை கிடைத்த நாளில் பல்கலைக்கழக ஆட்டம் முடிகிறது.

அந்த வேலை இருக்கிறதா என்பதுதான் நெய்வேலிக்காரர்களின் கவலை. 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுந்த ஊர் இது. வட்டத்துக்கு வட்டம் மைதானமும், பள்ளிகளில் பி.டி. மாஸ்டரும், பெரிய போட்டிக்குப் பாரதி விளையாட்டரங்கமும் இருந்ததால், பந்து உதைக்கும் பிள்ளைக்கு 'நன்றாக ஆடினால் வேலை' என்பது ஊர் தந்த நம்பிக்கை. நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை குறைந்து, ஒப்பந்த வேலை பெருகிய பிறகு அந்த நம்பிக்கையின் பலம் இறங்கிவிட்டது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்புக்காகக் காத்திருப்போர், ஊர்த் திருவிழாப் போட்டிகளுக்கும் கேரளத்தின் எழுவர் கால்பந்துப் போட்டியான மலபார் செவன்ஸுக்கும் 'கெஸ்ட்' ஆகப் போய் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறார்கள். ரசீது இல்லை; கால் முறிந்தால் மருத்துவச் செலவு அவருடையதே.

பெண்கள் கால்பந்தில் இந்த மாவட்டம் செய்திருப்பது இன்னும் பெரியது. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதமி 2018இல் இந்தியப் பெண்கள் லீக்கிலேயே தன் அணியை இறக்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையை வென்றார்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. லீக்கை வென்றது. அந்த அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடிய நடுகள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணி பெற்றவர். கொரோனா ஊரடங்கில் சீருடையோடு சாலையில் நின்றவர். ஆட்டத்தின் ஊதியம் அரசு வேலையாகவே வந்துசேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். லீக்கின் மேல்நிலைக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளோடு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் முடிவெடுத்த பிறகே, பணம் என்ற சொல் அவர்களைப் பற்றிய பேச்சில் வெளிப்படையாக வந்தது.

ஆனால் முதலில் பந்து போட்டுக் கொடுத்த மைதானத்துக்கு என்ன? உலகக் கால்பந்தில் இதற்கு விதி இருக்கிறது. ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போகும்போது, அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு, அவர் 12 வயது முதல் 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்குக் கால் விழுக்காடு, அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு அரை விழுக்காடு. தனியாகப் பயிற்சி ஈட்டுத்தொகையும் உண்டு. ஆனால் அது பெண்கள் ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபா விதியே சொல்கிறது. மேலும், இதெல்லாம் பதிவு செய்த கிளப்புகளுக்கு. நகரியத்துப் பள்ளியும் பி.டி. மாஸ்டரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தொகை அல்ல, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். கல்லூரி தருவதாகச் சொல்லும் ஃபீஸ் தள்ளுபடி எத்தனை ஆண்டுக்கு, முழங்கால் தசைநார் அறுந்து ஆட முடியாமல் போனால் அது தொடருமா, வேறு கல்லூரிக்குப் போக விரும்பினால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்தோடு வாங்கினால் போதும். நடு ஆண்டில் விடுதியை விட்டு வெளியே நிற்கும் பிள்ளைகள் குறைவார்கள். இந்தத் தாளைப் பல்கலைக்கழகங்களின் சங்கமே கட்டாயமாக்கலாம்.

இன்னொன்றும் எளிது. மூன்றாம் படிவத்தில் இன்று மாணவரின் பெயர், தந்தை பெயர், பல்கலைக்கழகம், ஆட்டம், போட்டி நடந்த ஊர், நாள், பெற்ற இடம் ஆகியவை எழுதப்படுகின்றன. அதில் ஒரு வரி கூடட்டும்: பன்னிரண்டு வயதிலிருந்து ஆடிய பள்ளியும் மைதானமும். அந்த வரியை வைத்து, கோப்பை வென்ற பல்கலைக்கழகம் ஒவ்வொரு வீரரின் முதல் பள்ளிக்கும் ஆண்டுக்குப் பத்துப் பந்தும் ஒரு ஜோடி வலையும் அனுப்ப வேண்டும் என்று விதி செய்தால், பதினெட்டுப் பேர் கொண்ட அணிக்கு ஆகும் செலவு பல்கலைக்கழகத்துக்குப் பெரிய சுமையாகாது.