கூடை இரண்டு, அடுப்பு எத்தனை?

இரட்டைக் கூடை ஏர் ஃபிரையர் என்னும் சமையல் கருவியை வாங்குவது தகுமா என்ற கேள்வி, பெரும்பாலான வீடுகளில் விலை, கொள்ளளவு, மின்செலவு, சமையல் மேடையில் அது அடைத்துக்கொள்ளும் இடம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது. யூத சமய உணவுச் சட்டத்தைப் பேணும் வீட்டில் அது அவ்வளவில் தீர்வதில்லை. அங்கே முதலில் விடை காண வேண்டியது, அக்கருவி ஒரு பாத்திரமா, இரு பாத்திரங்களா என்பதாகும். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடிய செய்தி போல இது தோன்றினாலும், ஒரு பொருளை ஒன்று என்றும் இரண்டு என்றும் சொல்ல வைப்பது அதன் உடலா, அதற்குள் உலவும் காற்றா, அதைக் கையாள்பவரின் நோக்கமா என்னும் மெய்யியல் சிக்கல் இதற்குள் அடங்கியிருக்கிறது.

தோரா என்று யூதர் போற்றும் மோசேயின் ஐந்து நூல்களில், ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைப்பதைத் தடுக்கும் விதி யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21 என மூன்று இடங்களில் வருகிறது. ஒரே விதி மும்முறை வீணாகச் சொல்லப்பட்டிராது என்று கொண்ட தால்முத் அறிஞர், அதாவது வாய்மொழிச் சட்டத்தையும் அதன் மீதான விவாதங்களையும் தொகுத்த பழங்கால ரப்பிகள், இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைத்தல், அவ்வாறு சமைத்ததை உண்ணல், அதனால் வேறு எவ்வகைப் பயனும் பெறுதல் ஆகிய மூன்று தடைகளை அதிலிருந்து வருவித்தனர். இவ்விதியின் காரணத்தைத் தேடியவர்களும் உண்டு. உயிரை வளர்க்கும் பாலே உயிர் நீங்கிய உடலுக்குச் சுவையூட்டும் பொருளாக மாறுவது தகாது என்றார் அலெக்சாந்திரியாவின் ஃபைலோ. பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சடங்கொன்றை விலக்குவதற்காக இது எழுந்திருக்கலாம் என்று ஊகித்தார் 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ். மரபு இவற்றுக்குச் செவிசாய்த்தாலும் இவற்றின் மீது சட்டத்தைக் கட்டவில்லை. காரணம் விளங்கிய பிறகே கீழ்ப்படிவேன் என்பவருக்கு இத்துறையில் பெரிதாக இடமில்லை.

ஏர் ஃபிரையரில் அதிகம் வேகும் கோழி, இச்சட்டத்தில் சற்று விசித்திரமான இடத்தைப் பெறுகிறது. தோராவின் தடை கோழியைத் தொடுவதில்லை என்பது ரப்பி அக்கிவாவின் நிலை. கோழிக்குப் பால் சுரப்பதில்லை என்பதால் அதே முடிவுக்கு வந்த கலிலேயரான ரப்பி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு உண்டதாகத் தால்முத்தே குறிப்பிடுகிறது. ஆனால் மக்கள் ஒன்றை மற்றொன்றாக மயங்கிவிடக்கூடும் என்ற அச்சத்தால் ரப்பிகள் கோழியையும் இறைச்சிக் கணக்கில் சேர்த்தனர். இன்றுவரை அதுவே நடைமுறை. மீன், முட்டை, காய்கறி, தானியம் ஆகியன எப்பக்கமும் சாராத நடுநிலை உணவுகள். இவற்றைப் பார்வே என்னும் சொல்லால் குறிப்பர்.

இத்தடை உணவோடு நின்றிருந்தால் கருவியைப் பற்றிய கேள்விக்கே இடமிருந்திராது. சூடான உணவின் சுவையைப் பாத்திரத்தின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது, அடுத்த சமையலில் அதை உமிழ்கிறது என்பது ஹலாகா எனப்படும் யூதச் சட்டமரபின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். பாவநிவாரண பலியின் இறைச்சி வெந்த மண்பாண்டம் உடைக்கப்பட வேண்டும், வெண்கலப் பாத்திரம் விளக்கிக் கழுவப்பட்டால் போதும் என்று லேவியராகமம் 6:28 வகுத்ததும், மீதியானியரிடம் கைப்பற்றிய உலோகக் கலங்கள் நெருப்பைக் கடந்து வர வேண்டும் என்று எண்ணாகமம் 31ஆம் அதிகாரம் விதித்ததும் இக்கொள்கையின் வேர்கள். இதன்படி பாத்திரம் என்பது தான் ஏந்தியதை நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருள். அந்நினைவை அகற்றவும் வழி உண்டு. எவ்வழியே உறிஞ்சியதோ அவ்வழியே உமிழச் செய்ய வேண்டும். நீரில் சமைத்த பாத்திரத்துக்குக் கொதிநீர் போதும். உலர்ந்த நெருப்பில் வாட்டிய கம்பிக்கோ, அது தீப்பொறி பறக்கக் காய்வது வேண்டும். மண்பாண்டத்துக்கு மட்டும் மறதியே இல்லை.

ஏர் ஃபிரையரை இக்கண்ணோடு பார்க்க வேண்டும். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திப் பெயர்பெறச் செய்த இக்கருவி, பெயரில் பொரிப்பைத் தாங்கியிருந்தாலும் செயலில் சிறிய வெப்பக்காற்று அடுப்பே ஆகும். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதன் அருகில் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளையிட்ட கூடை என்ற அமைப்பில், காற்று கூடையைச் சுற்றி இறங்கி மீண்டும் கம்பியை நோக்கி ஏறுகிறது. ஏறும்போது கொழுப்பின் நுண்துளிகளையும் உடன் கொண்டு செல்கிறது. சில மாதம் பயன்படுத்திய கருவியைக் கவிழ்த்துப் பார்த்தால் கம்பிச்சுருளின் மேல் படிந்த பழுப்புப் பிசுக்கே இதற்குச் சாட்சி. கூடை உலர்ந்த வெப்பத்தில் உறிஞ்சுவதால் அதற்குக் கொதிநீர்த் தூய்மை போதாது. சிவக்கக் காய்ச்சினாலோ அதன் ஒட்டாப் பூச்சு அழிந்துவிடும். ஆகவே இறைச்சி வெந்த கூடை நடைமுறையில் என்றும் இறைச்சிக் கூடையே. அதைக் கழற்றி மாற்றுவதனால் மட்டும் மேலேயுள்ள கம்பியும் விசிறியும் புதியனவாகிவிடுவதுமில்லை.

இந்த இடத்தில்தான் இரட்டைக் கூடை தன் வாதத்தோடு நுழைகிறது. இவ்வகைக் கருவிகளில் இரு அமைப்புகள் உண்டு. முதலாவதில் இரு தனி அறைகளும், அறைக்கொரு கம்பிச்சுருளும், அறைக்கொரு விசிறியும் உள்ளன. வெளியுடலும் மின்கம்பியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மட்டுமே பொது. இரண்டாவதில் அகன்ற ஒரே இழுப்பறையின் நடுவே கழற்றக்கூடிய தடுப்பொன்று நிற்கிறது. தடுப்பை எடுத்தால் முழுக்கோழி வேகும், செருகினால் இரு பண்டங்கள் வேகும். பின்னதைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கழற்றியும் மாட்டியும் பயன்படும் தடுப்பால் ஓர் அடுப்பு இரண்டாகிவிடாது. நேற்றுத் தடுப்பின்றி வெந்த கோழியின் நெய் இழுப்பறை முழுவதையும் தொட்டிருக்கும்.

முன்னதைப் பற்றி மரபு சிந்திக்கும் முறை சுவையானது. ஓர் அடுப்புக்குள் ஒன்றையொன்று தொடாமல் வேகும் இரு உணவுகளுக்கிடையே மணம் மட்டும் கடந்து செல்லுமானால், அதைச் சுவை கடந்ததாகக் கருத வேண்டுமா? தால்முத்தின் பெசாஹிம் பகுதியில் இதனைக் குறித்து ரவ் என்பவரும் லேவி என்பவரும் முரண்படுகின்றனர். ஆகாத இறைச்சியோடு ஒரே அடுப்பில் வாட்டிய ஆகுமான இறைச்சியை ரவ் விலக்குகிறார், ஏனெனில் மணமும் பொருட்டாகும் என்பது அவர் கருத்து. லேவியோ மணம் வெறும் மணமே என்று அதை ஏற்கிறார். சஃபேத் நகரத்தின் ஜோசப் காரோ தொகுத்து 1565இல் வெனிசில் அச்சேறிய ஷுல்ஹான் ஆரூக் என்னும் சட்டநூல், இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது: அவ்வாறு ஒருங்கே வாட்டக் கூடாது; ஆனால் வாட்டிவிட்டிருந்தால் உண்ணலாம். 12 இசரோன் அளவு கொள்ளும் பெரிய அடுப்பாகவும் அதன் வாய் திறந்ததாகவும் இருந்தால் முதலிலேயே தடையில்லை என்றும் அது சேர்க்கிறது. இசரோன் என்பது பழைய எபிரேய முகத்தலளவை. வழக்கிலுள்ள ஒரு கணக்கின்படி 12 இசரோன் சுமார் 30 லிட்டர் ஆகும். நான்கைந்து லிட்டர் கொள்ளும் கூடையை உள்ளே தள்ளி மூடியபின் இயங்கும் ஏர் ஃபிரையர் இச்சலுகைக்கு அருகில்கூட வருவதில்லை. காரமான பொருளின் மணத்தை மேலும் கடுமையாகக் கருதுவோரும் உண்டு என்பதால், மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிய கோழிக்கு இடம் இன்னும் குறுகுகிறது.

மணத்தை விடக் கனமானது ஆவி. கீழே கொதிக்கும் பாலின் ஆவி மேலே தொங்கும் இறைச்சிச் சட்டியில் படிந்தால் அது பாலாகவே கருதப்படும் என்று 1327இல் மறைந்த ரப்பி ஆஷெர் தீர்ப்பளித்தார். இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கின் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் வீட்டு அடுப்பைப் பற்றி ஆராய்ந்தபோது, ஆவி மிகும் நீர்ம உணவையும் உலர்ந்த உணவையும் வேறுபடுத்திப் பார்த்தார். தனித்தனி விசிறியும் சுவரும் உள்ள கருவியில் ஓர் அறையின் ஆவி மற்றதனுள் நேராக நுழைவதில்லை. பின்புறத் துளைகள் வழியே வெளியேறிய பிறகு இரண்டும் திறந்த வெளியில் கலக்கின்றன. எனவே உடலால் ஒன்றாயினும் அடுப்பால் இரண்டு என்று இதற்காக வாதிட முடியும். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

அவ்வாதத்தை ஏற்பவரும் எதிர்கொள்ள வேண்டிய தடை வேறிடத்தில் இருக்கிறது. ஹலாகா ஒரு செயலை இரு காலங்களில் நின்று பார்க்கிறது. லெஹத்ஹிலா என்பது செயலுக்கு முன் நின்று கேட்பது, பெதியவத் என்பது செயல் முடிந்தபின் கேட்பது. ஒரே செய்கைக்கு முன்னதில் கூடாது என்றும் பின்னதில் போகட்டும் என்றும் விடை வரலாம். மணம் பற்றிய தீர்ப்பு அத்தகையதே. இவ்வாறே, தற்செயலாக விழுந்த பாலின் அளவு அறுபதில் ஒரு பங்குக்கு மிகாவிடில் இறைச்சிக் குழம்பு விலக்கப்படுவதில்லை, ஆனால் அக்கணக்கை நம்பி வேண்டுமென்றே பாலைச் சிந்துவதற்கு அனுமதி கிடையாது. பிழைக்காக வகுத்த இரக்கத்தைத் திட்டத்துக்கு மூலதனமாக்க முடியாது என்பதே இவற்றின் உட்பொருள். அறியாமல் செய்தது, அறிந்து செய்தது என்னும் வேறுபாடு எல்லா அறநூல்களிலும் உண்டு. அதைச் சட்டியின் உட்சுவர் வரை கொண்டு சென்றது ஹலாகாவின் தனித்தன்மை.

ஒரு கருவியை வாங்குவது, இனி வரும் ஆண்டுகளின் சமையல் முழுவதையும் முன்கூட்டியே தீர்மானிப்பதாகும். இரட்டைக் கூடையின் விளம்பரம் விற்பது வெறும் இரண்டாவது கூடையை அன்று, ஒரே வேளையில் இரண்டும் வெந்து ஒரே நொடியில் முடியும் என்னும் ஒருங்கமைவையே. இறைச்சியும் பாற்கட்டியும் அவ்வாறு ஒருங்கே வேகட்டும் என்று கருதி அதை வாங்குபவர், எச்சந்தேகத்தின் பயனைப் பிழை செய்தவருக்கு மட்டும் சட்டம் வழங்குகிறதோ, அதனை நாள்தோறும் உரிமையாகக் கோருகிறார். சுவர் எவ்வளவு தடிமன் என்ற ஆராய்ச்சியை விட இந்நோக்கமே தீர்ப்பை நிர்ணயிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சைவ உணவினர் அசைவப் பாத்திரத்தைத் தவிர்ப்பதோடு இதனை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. எனினும் ஒப்புமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. சைவ வீட்டில் ஒன்று முற்றும் விலக்கு, மற்றது முற்றும் ஏற்பு. யூத வீட்டிலோ இறைச்சியும் ஏற்பு, பாலும் ஏற்பு. விலக்கு அவற்றின் சேர்க்கைக்கே. இதனாலேயே இறைச்சிக் குழம்பில் பாலைத் தவிர்த்துத் தேங்காய்ப்பால் சேர்த்த கொச்சி யூதர்கள் எவ்விதியையும் மீறவில்லை. வாதுமைப்பாலில் இறைச்சி சமைத்தால், பார்ப்பவர் பிழையாக எண்ணாதபடி அருகில் வாதுமைப் பருப்பை வைக்க வேண்டும் என்று போலந்தின் கிராகோவ் நகர ரப்பி மோசே இஸ்ஸெர்லெஸ் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கும் சட்டம் அவ்வளவு இடம் தருகிறது என்றால், ஒரே உடலின் இடப்பக்கத்தில் கோழியும் வலப்பக்கத்தில் பாற்கட்டியும் வேகும் காட்சி விருந்தினருக்கு என்ன சொல்லும் என்பதையும் எண்ண வேண்டும்.

அப்படியாயின் இரண்டாம் கூடைக்குப் பயனே இல்லையா? உண்டு, அதனை நடுநிலை உணவுக்கு ஒதுக்கினால். சூடாக இறைச்சித் தட்டில் இட்ட மீனைப் பாலாலான தொடுகறியோடு உண்ணலாமா என்ற வினாவுக்கு, தட்டு உறிஞ்சியதே இறைச்சியின் சுவை, மீன் பெற்றதோ அச்சுவையின் சுவை என்று சொல்லி ஷ்முவேல் என்னும் தால்முத் அறிஞர் அனுமதி அளித்தார். காரோ அதனைப் பின்பற்ற, இஸ்ஸெர்லெஸைப் பின்பற்றும் ஐரோப்பிய யூத மரபோ சமைத்த உணவில் முன்கூட்டி அவ்வாறு செய்வதைத் தவிர்க்கிறது. எம்மரபினராயினும், ஓர் அறையில் கோழியும் மற்ற அறையில் எப்போதும் உருளைக்கிழங்கும் மட்டுமே வேகும் கருவியில் சிக்கல் மிகச் சிறிது.

ஆகவே இறைச்சி வேளையும் பால் வேளையும் ஏறத்தாழச் சமமாக உள்ள வீட்டுக்கு, சிறிய ஒற்றைக் கூடைக் கருவிகள் இரண்டை வாங்கி மேடையின் இரு முனைகளில் வைப்பதே தக்கது. பெரும்பாலும் இறைச்சி வேளையே உள்ள வீட்டுக்குத் தனி அறைகள் உடைய இரட்டைக் கூடை தகும், இரண்டாம் அறையில் பாற்பொருள் ஒருபோதும் நுழையாது என்ற உறுதியோடு. கழற்றும் தடுப்புள்ள வகையை இரு பாத்திரங்களாகக் கணக்கிட்டு வாங்குவதற்கு இடமில்லை. எதை வாங்கினாலும், புதிய உலோகக் கலத்தை மிக்வே எனப்படும் சமய நீர்த்தொட்டியில் மூழ்க வைத்த பிறகே பயன்படுத்தும் மரபு இருப்பதால், மின்பகுதியை நனைக்காமல் கூடைகளை மட்டும் கழற்றி மூழ்கடித்தால் போதுமா என்பதை முதல் சமையலுக்கு முன்பே தம் ரப்பியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.