இரவல் நகை, வாடகை நகை: அணிவது யாருக்காக?

 

 

சமீப காலமாக நிக்காஹ் பேசி முடிக்கும் வீடுகளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "ஹஜ்ரத், பெண்ணுக்குப் போட நகையை வாடகைக்கு எடுக்கலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்கிறார்கள். முன்பு மணப்பெண் அலங்காரம் செய்பவர்களிடம் மட்டும் இருந்த பழக்கம் இது. இன்று கைப்பேசியில் படம் பார்த்து, மூன்று நாளைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2009-இல் 'ரென்ட் தி ரன்வே' என்ற நிறுவனம் விலை உயர்ந்த உடைகளை இப்படி வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தது. மும்பையில் 2015-இல் 'ஃப்ளைரோப்' கல்யாண உடைகளோடு நகைகளையும் வாடகைக்குக் கொடுத்தது. இப்போது சொந்த நகையை லாக்கரில் வைத்திருப்பவர்கள் அதை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்றும் அழைக்கிறார்கள்.

இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2025 ஜனவரியில் சென்னையில் ஒரு சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. மெப்ஸில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன், குரோம்பேட்டையில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன், பத்து சவரனுக்கு எங்கே போவார்?

ஆகவே இதை இரண்டு பகுதியாகப் பார்ப்போம். ஒன்று, ஃபிக்ஹுச் சட்டம். அது எளிது. மற்றொன்று, நம் நிய்யத். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தவர் நகையை அணிவது இழிவா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்து வைப்போம். அடுத்தவர் நகையைப் போட்டுக்கொள்வது கேவலம் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள்.

தயம்மும் சட்டம் எப்படி வந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஒரு பயணத்தில் இருந்தபோது கழுத்து மாலை தொலைந்துபோனது. அதைத் தேடி முழுப் படையும் தங்கியது. அங்கே தண்ணீர் இல்லை. தொழுகை நேரம் வந்தது. அப்போதுதான் தயம்மும் வசனம் இறங்கியது. இதெல்லாம் நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் புகாரியில் வரும் ஒரு அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த மாலை அன்னையின் சொந்த மாலை அல்ல. தம் அக்கா அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது! நபியின் மனைவி, மூமின்களின் தாய், இரவல் மாலை அணிந்து பயணம் போனார்கள். அதை மறைக்கவும் இல்லை. அவர்களே வாய்திறந்து சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

கொடுத்தவர் யார்? அஸ்மா (ரலி) ஒன்றும் செல்வச் சீமாட்டி அல்ல. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்காகத் தொலைவிலிருந்து பேரீச்சங்கொட்டையைத் தலையில் சுமந்து வந்தவர்கள். அப்படி வாழ்ந்தவர்கள், இருந்த மாலையைத் தங்கைக்குக் கொடுத்தார்கள்.

இன்னொரு செய்தியும் புகாரியில் உண்டு. பிற்காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமான ஒரு முரட்டு ஆடையைக் காட்டிச் சொன்னார்கள்: இன்று என் வேலைக்காரச் சிறுமிகூட வீட்டுக்குள் இதை உடுத்தக் கூச்சப்படுகிறாள்; ஆனால் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதுபோன்ற ஓர் ஆடை என்னிடம் இருந்தது; மதீனாவில் எந்தப் பெண்ணை அலங்கரித்தாலும் என்னிடம் ஆளனுப்பி அதை இரவல் வாங்கிப் போவார்கள் என்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்ற தலைப்பிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊரின் மணப்பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே ஆடையில் மணமுடித்தார்கள். அவர்களில் யாருடைய கண்ணியமும் அதனால் குறையவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவசமாகக் கொடுத்து வாங்குவதற்கு ஆரியத் என்று பெயர், நம் தமிழில் இரவல். கூலி வாங்கிக்கொண்டு பயன்படுத்தக் கொடுப்பது இஜாரா, வாடகை. பெண்கள் அணிய அனுமதிக்கப்பட்ட நகையை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் கூடும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதை வெறுத்திருக்கிறார்கள். எத்தனை நாள், எவ்வளவு வாடகை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதே பொருள் உரியவரிடம் திரும்ப வேண்டும். மாப்பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி வாடகைக்கு எடுப்பது கூடாது. ஆணுக்குத் தங்கம் சொந்தமாக இருந்தாலும் ஹராம், வாடகையாக இருந்தாலும் ஹராம்தான்.

தொலைந்தால் யார் பொறுப்பு? இரவல் பொருளுக்கு வாங்கியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹுனைன் போருக்காக ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை வாங்கியபோது, இது பறிப்பா என்று கேட்டார். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை. இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். இது இந்த மத்ஹபின் ஆதாரம். ஹனஃபீ மத்ஹபில் அது அமானிதம். அலட்சியம் செய்திருந்தால்தான் ஈடு. வாடகைப் பொருளோ இரண்டு மத்ஹபிலும் அமானிதம். ஆகவே எப்படிக் காணாமல் போனாலும் முழு விலை கட்ட வேண்டும் என்று நிறுவனத்தின் நிபந்தனைகளில் எழுதியிருந்தால், அதை ஓர் ஆலிமிடம் காட்டாமல் சம்மதம் என்று அழுத்தாதீர்கள். வாடகை கட்டி முடித்தால் தங்கம் உங்களுக்கே சொந்தம் என்ற திட்டத்தையும் அப்படியே. தங்கத்தைத் தவணையில் வாங்குவது பற்றி உலமாக்களிடையே கடுமையான பேச்சு இருக்கிறது.

நகை திரும்புகிறதா, தங்கம் திரும்புகிறதா?

லாக்கர் நகையை வாடகைக்கு விட நினைப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த அதே நெக்லஸ் உங்களிடம் திரும்பினால் அது வாடகை. உங்கள் நகையை உருக்கிவிட்டு, பிறகு அதே எடைக்கு வேறு தங்கமும் மேலே கொஞ்சமும் தருகிறேன் என்றால், அது வாடகை இல்லை, கடன். கடனுக்கு மேல் பேசி வாங்குவது ரிபா. 2015 நவம்பரில் மத்திய அரசு தங்கப் பணமாக்கல் திட்டத்தைத் தொடங்கியது. அதில் கொடுத்த நகை உருக்கப்பட்டது, அதற்கு வட்டி தரப்பட்டது. இன்று சில செயலிகள் "தங்கத்தை லீசுக்குக் கொடுங்கள்" என்று அழகாகப் பெயர் வைக்கின்றன. பெயரைப் பார்க்காதீர்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹலால் என்று சொன்னதை நம்பிப் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனத்தில் நகையும் பணமும் போட்ட பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் 2019-இல் தெருவில் நின்றதை மறந்துவிடக் கூடாது.

ஜகாத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹனஃபீ மத்ஹபில் நிஸாப் அளவு தங்கம் இருந்தால், அணிந்தாலும் வாடகைக்கு விட்டாலும் ஜகாத் உண்டு. அது உரிமையாளர் மீது கடமை. வாடகைக்கு எடுத்தவர் மீது இல்லை. பெண்கள் அளவோடு அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை. ஆனால் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) போன்ற முன்னோர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: நகையின் ஜகாத் அதை இரவல் கொடுப்பதே என்று. இதை மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது?

என் சகோதரர்களே! சட்டம் முடிந்துவிட்டது. வாடகை நகை கூடும். வட்டிக்குக் கடன் வாங்கி நகை வாங்குவதைவிட, வாடகைக்கு எடுப்பது எவ்வளவோ மேல். ஒரே நகை ஐம்பது மணப்பெண்களுக்குப் பயன்பட்டால் அதில் வீண்விரயமும் குறைவு. பிறகு ஏன் இதைக் குத்பா மேடையில் பேச வேண்டும்?

கேட்கிறவர்கள் பலர் கேள்வியைப் பாதியில் நிறுத்துகிறார்கள். மீதிப் பாதியை மெல்ல விசாரித்தால்தான் வருகிறது. "மாப்பிள்ளை வீட்டில் முப்பது சவரன் எதிர்பார்க்கிறார்கள். எங்களிடம் எட்டுதான் இருக்கிறது. மேடையில் முப்பதாகத் தெரிந்துவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

இப்போது இது வாடகை மஸாயில் இல்லை. தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுபவரைப் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தியவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதை விளக்கும்போது எடுத்துச் சொல்லும் கருத்துகளில் ஒன்று: அடுத்தவருடைய ஆடையை உடுத்திக்கொண்டு, தன்னுடையது என்று மக்களை எண்ண வைப்பவர். இந்த ஹதீஸை அறிவிப்பவர் யார் தெரியுமா? அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி)! தம் மாலையைத் தங்கைக்கு இரவல் கொடுத்த அதே அஸ்மா (ரலி). இரவல் கொடுத்ததும் அவர்கள்தான், பொய்யின் ஆடையைப் பற்றி நமக்கு அறிவித்ததும் அவர்கள்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாலை ஒன்றுதான். கேட்டால், அக்காவுடையது என்று சொல்ல முடிந்தால் அது இரவல். கேட்டுவிடுவார்களோ என்று நெஞ்சு படபடத்தால் அது பொய்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். மாமியார், நகையை எல்லாம் எங்கேம்மா வைத்தாய் என்று கேட்கிறார். அவள் என்ன சொல்வாள்? பெற்றோர் சொன்ன பொய்யை அவள் தன் இல்லறத்தின் முதல் வாரத்திலேயே சுமக்கிறாள். நிக்காஹ் செல்லும், சந்தேகமில்லை. ஆனால் ஏமாற்றிய பாவம் நிற்கும். அந்த வீட்டில் அவள் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு?

"உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடுமே" என்கிறார்கள். அவர்களின் கண்ணீர் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: முப்பது சவரனுக்காக வருகிறவர்கள் எட்டு சவரனைக் கண்டு போய்விடுவார்கள் என்றால், நிக்காஹுக்கு முன்பு போவது ரஹ்மத். பிறகு போனால் உங்கள் மகளின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். சொல்லிவிட்டுப் போடுங்கள். "எட்டு சவரன் எங்களுடையது, மீதி அலங்காரத்துக்காக வாடகைக்கு எடுத்தது" என்று ஒரு வரி போதும்.

இந்தப் பொய்யில் பெரிய பங்கு யாருக்கு? கேட்டவருக்கு! மாப்பிள்ளை வீட்டாரே, மஹர் கொடுக்க வேண்டியவர் நீங்கள். வாய்திறந்து கேட்டாலும் கைக்கூலிதான். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு மேடையில் கண்ணால் எண்ணினாலும் கைக்கூலிதான். காரூன் தன் அலங்காரத்தோடு வெளியே வந்தபோது, எங்களுக்கும் இப்படி இருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்களைக் குர்ஆன் சொல்லிக் காட்டுகிறது. ஏங்க வைப்பவரும் இருக்கிறார், எண்ணிப் பார்ப்பவரும் இருக்கிறார். நடுவில் ஓர் ஏழைத் தகப்பன் பொய் சொல்ல நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

நாம் மறந்த அல்மாஊன்

கடைசியாக ஒன்று. இந்த வியாபாரம் ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது? நாம் இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். ஊரில் இருந்தபோது சாச்சி வீட்டு மாலை, மாமி வீட்டு வளையல் என்று குடும்பமே சேர்ந்து ஒரு பெண்ணை அலங்கரித்து அனுப்பும். இங்கே தாம்பரத்திலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் நாம் காயல்பட்டினம், மேலப்பாளையம், ஆம்பூர், அதிராம்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து வந்து அடுக்குமாடியில் இருக்கிறோம். எதிர் வீட்டில் கல்யாணம் என்பது பந்தல் விளக்கைப் பார்த்தால்தான் தெரிகிறது.

தொழுகிறவர்களையே எச்சரிக்கும் ஒரு சூரா அல்மாஊன். சின்னச் சின்னப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பதை அது கண்டிக்கிறது. வாளி, சட்டி, கோடாலி போன்ற புழங்கு பொருள்களை இரவல் கொடுப்பது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோர் இதற்கு விளக்கம் சொன்னார்கள். நம் பள்ளிவாசல்களில் தேக்சாவும் விரிப்பும் இரவல் கொடுக்கிறோம். அதேபோல் மஹல்லாவின் பெண்கள் சேர்ந்து, லாக்கரில் சும்மா இருக்கும் நகையில் ஒன்றிரண்டை மணப்பெண்களுக்கு இரவல் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? பயம் இருக்கும், நியாயமான பயம்தான். எடை போடுங்கள், படம் எடுங்கள், எழுதுங்கள், இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். ஸஃப்வானுக்கு நபி (ஸல்) அவர்களே பொறுப்பு ஏற்றுச் சொன்னார்கள். கணக்குக் கேட்பது அவமரியாதை இல்லை. வாங்கியவரும் சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். இரவல் வாங்கிவிட்டு வாங்கவே இல்லை என்று மறுத்த மக்ஸூமி குலத்துப் பெண்ணின் செய்தி நமக்கு எச்சரிக்கை.

கொடுக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "அவள் கழுத்தில் இருப்பது என்னுடையது" என்று சொல்லாதீர்கள். சொல்லிக் காட்டினால் கொடுத்த நன்மை அழிந்துவிடும். அது யாருடையது என்று சொல்லும் உரிமை, அணிந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

யா அல்லாஹ்! எங்கள் பெண் மக்களின் நிக்காஹை எளிதாக்குவாயாக! கேட்டு வாங்கும் இழிவிலிருந்து எங்கள் ஆண் மக்களைக் காப்பாயாக! இருப்பதைக் கொண்டு உண்மையாக வாழும் மனதையும், அடுத்தவருக்குக் கொடுத்து உதவும் கையையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.